பதின்மூன்றில் ஒன்பது

கோல் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. முதியோர்க்கு அது ஊன்றுகோல், எழுதுவோர்க்கு எழுதுகோல், நிறுப்போர்க்குத் துலாக்கோல், ஆள்வோர்க்குச் செங்கோல். ஆள்பவன் நெறி தவறினால் அதே கோல் கொடுங்கோல் என்று பெயர் மாறிவிடும். வளைகோல் பந்தாட்டம் என்று நாம் தமிழாக்கிக்கொண்ட ஹாக்கியில் ஆடுவோர் கையில் இருப்பதும் கோல். பந்து போய்ச் சேர வேண்டிய இலக்கும் ஆங்கில வழக்கினால் கோல். இஃது ஒலியால் நேர்ந்த ஒற்றுமையே என்பதை அறிவேன். ஆயினும் இளமையில் ஓர் ஆட்டக்காரனாக இருந்து, பின்னர்த் தமிழாசிரியனாகிவிட்ட எனக்கு, அந்த ஒற்றுமை ஒரு பழைய கணக்கை அடிக்கடி நினைவூட்டுகின்றது. அக்கணக்கை இம்மலரில் எழுதித் தீர்க்க விழைகின்றேன்.

என் சொந்த ஊர் ரஞ்சன்குடி. பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சென்றால், சாலையிலிருந்தே கோட்டை கண்ணில் படும். கருநாடக நவாபுகளின் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு ஜாகீர்தாரால் கட்டப்பெற்றது அது. படிப்படியாக உயர்ந்து செல்லும் மதில்கள், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. 1751ஆம் ஆண்டு வாலிகண்டபுரப் போரில் ஒருபுறம் முகம்மது அலியும் ஆங்கிலேயரும், மறுபுறம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் இப்பகுதியில் மோதிக்கொண்டனர். எங்களுக்கோ அஃது எங்கள் விளையாட்டுத் திடலின் ஒரு பக்கச் சுவர், அவ்வளவே. மாலையில் கோட்டையின் நிழல் கீழே இறங்கி வந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். பருத்தி எடுத்த கரிசல் காட்டில், வளைந்த புளியங்கொம்பும் துணி சுற்றிய பந்துமாக நாங்கள் ஆடிய ஆட்டத்திற்கு விதிகள் குறைவு, காயங்கள் மிகுதி.

எண்பதுகளின் நடுப்பகுதியில், பெரம்பலூர் தனி மாவட்டமாகாமல் திருச்சிராப்பள்ளியோடு இணைந்திருந்த காலத்தில், நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் ஹாக்கி அணி ஒன்று இருந்தது. அணியில் எனக்குக் கிடைத்த இடம் சென்டர் பார்வர்டு. எனக்கு இடப்புறம், லெப்ட் இன் என்னும் இடத்தில் ஆடியவன் எங்கள் ஊர்ப் பேட்டையைச் சேர்ந்த என் நண்பன். அவனுடைய வாப்பாவை நான் மாமா என்பேன். அவன் என் தந்தையை மாமா என்பான். ஆகவே நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் 'மாப்பிள்ளை'. ஊரில் உறவு என்பது இரத்தத்தால் மட்டும் அமைவதில்லை அல்லவா!

அவன் ஆடும் விதம் விந்தையானது. பந்தைத் தன்னிடம் நெடுநேரம் வைத்திருக்கமாட்டான். எதிரணியினர் இருவரைத் தன்பால் இழுத்துக்கொண்டு, மூன்றாமவன் நகரும் வேளை பார்த்து, எனக்குமுன் இரண்டு முழத் தொலைவில் பந்தை விட்டுவிடுவான். நான் ஓடிச் சென்று அடித்தால் போதும். அவ்வாண்டு வட்டாரப் போட்டிகளில் இறுதியாட்டம் வரை எங்கள் அணி போட்ட கோல்கள் 11. அவற்றுள் 9 என்னுடையவை. மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் என் பெயர் ஒலிபெருக்கியில் ஒலிக்கும். அந்த ஒன்பதில் ஆறோ ஏழோ அவன் விட்ட பந்துகள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. நானும் எழுதி வைக்கவில்லை.

அச்சமயத்தில்தான் பள்ளி நூலகத்துப் பழைய இதழ் ஒன்றில் பல்பீர் சிங் என்னும் பெயரைக் கண்டேன். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா ஆடியவை மூன்றே ஆட்டங்கள். ஆஸ்திரியாவுக்கு எதிராக 4-0, பிரிட்டனுக்கு எதிராக 3-1, இறுதியாட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக 6-1. மொத்தம் 13 கோல்கள். அவற்றுள் 9 பல்பீர் சிங் ஒருவருடையவை. அரையிறுதியின் மூன்றும் அவருடையவை. இறுதியாட்டத்தின் ஆறில் ஐந்து அவருடையவை. ஒலிம்பிக் ஆடவர் இறுதியாட்டத்தில் ஒருவரே ஐந்து கோல் போட்ட அந்தச் சாதனை இன்றளவும் முறியடிக்கப்படவில்லை.

பதின்மூன்றில் ஒன்பது. பதினொன்றில் ஒன்பது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஓர் எண் ஒத்துப்போனமையால் எல்லாம் ஒத்துப்போனதாக எண்ணிக்கொள்வது இளமையின் பேதைமை. அணி என்பது என்னைத் தாங்கி நிற்கும் ஒரு பீடம் என்று அன்று முதல் எண்ணத் தொடங்கினேன். என் கையில் இருந்த கோல் எப்போது கொடுங்கோலாயிற்று என்று கேட்டால், அந்த இரவில்தான் என்பேன்.

இறுதியாட்டம் திருச்சியில் நடைபெற்றது. இரு அணிகளும் ஆளுக்கொரு கோல் போட்டிருந்தன. முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. பந்துடன் நான் எதிரணியின் கோல் வட்டத்திற்குள் நுழைந்துவிட்டேன். எனக்கு முன்னே தடுப்பாட்டக்காரர் இருவர். அவர்களுக்குப் பின்னே கோல் காவலர். இடப்புறம் என் நண்பன் தனியே நின்றான். அவனைச் சுற்றி எவரும் இல்லை. "மாப்பிள்ளை!" என்று ஒரே ஒரு முறை கூவினான். நான் அடித்தேன். பந்து தடுப்பாட்டக்காரர் ஒருவரின் மட்டையில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்து நான்கே தட்டில் எங்கள் எல்லைக்குப் போய்க் கோலாக முடிந்தது. 1-2 என்று தோற்றோம்.

அவன் கூவியபோது ஏன் கொடுக்கவில்லை என்று உடற்கல்வி ஆசிரியர் வினவினார். கூட்டத்தின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை என்றேன். பேருந்தில் என் அருகே அமர்ந்திருந்த நண்பன் வாலிகண்டபுரம் தாண்டும் வரை பேசவில்லை. பிறகு, "அடுத்த தடவை இன்னும் சத்தமாக் கூப்பிடுறேன்" என்றான். அடுத்த தடவை வரவில்லை. அவ்வாண்டு வெங்காய விலை வீழ்ந்து அவன் குடும்பம் நொடித்துப்போக, அவன் படிப்பை நிறுத்தினான். சில ஆண்டுகள் கழித்து வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் சென்றுவிட்டான். அதன் பின்னர் நான் ஆடிய ஓராண்டில் என் கோல்கள் எத்தனை என்று கேட்கிறீர்களா? இரண்டு. கால்கள் அவையே, மட்டையும் அதுவே. எனக்குமுன் இரண்டு முழத் தொலைவில் பந்தை விடுவதற்குத்தான் ஆளில்லை.

ஆட்டத்தை விட்ட பிறகே ஆட்டத்தைப் பற்றி ஆழ்ந்து படிக்கலானேன். ஒரே ஒருவர் தம் அணியின் கோல்களில் பெரும்பங்கைப் போடுவது நம் நாட்டு ஹாக்கியில் அரிய செய்தியன்று. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இந்தியா போட்ட 29 கோல்களில் 14 தியான் சந்தினுடையவை. 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் இந்தியா போட்டவை 35. அவற்றுள் தியான் சந்த் 12, அவர் தம்பி ரூப் சிங் 13. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் மட்டும் 25 கோல்கள்! ஆனால், துலாக்கோலில் நிறுக்கும்போது எடைக்கல்லையும் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் களமிறங்கிய அணிகள் மூன்றே. அமெரிக்காவை 24-1 என்று வென்றதில் குவிந்த கோல்களும், ஹெல்சிங்கியில் பிரிட்டனையும் நெதர்லாந்தையும் எதிர்த்துப் போட்ட கோல்களும் ஒரே எடை உடையன அல்ல. அவ்வகையில் பல்பீரின் ஒன்பது கனமானவை.

ஆயினும் என் உள்ளத்தைத் தொட்டவை இந்த எண்களல்ல. எண்களுக்குப் பின்னே நின்ற இரண்டு செய்திகள்.

முதலாவது 1936ஆம் ஆண்டு பெர்லினில் நிகழ்ந்தது. அவ்வாண்டு அணித்தலைவர் தியான் சந்த். உலகமே அவரைப் பந்தின் மந்திரவாதி என்று போற்றிக்கொண்டிருந்த நேரம். போட்டி தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இந்திய அணி ஜெர்மனியிடம் 1-4 என்று தோற்றது. அவ்வளவு புகழ் பெற்றவர் என்ன செய்திருக்கலாம்? 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அவர் அவ்வாறு சொல்லவில்லை. முன்வரிசையில் தமக்குத் துணை தேவை என்று உணர்ந்தார். இந்தியாவிலிருந்து அலி தாரா வரவழைக்கப்பட்டார். அரையிறுதிக்கு வந்து சேர்ந்த தாரா, இறுதியாட்டத்திலும் ஆடினார், கோலும் போட்டார். அதே ஜெர்மனியை இந்தியா 8-1 என்று வென்றது. பின்னாளில், 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைமை ஏற்றவரும் இந்தத் தாராவே. தம் அணியில் யாரினும் மிகுதியாகக் கோல் போட்ட ஒருவர், 'எனக்கு ஆள் வேண்டும்' என்று கேட்டாரே, அதைத்தான் நான் பெருமை என்பேன். அந்தக் கோல் செங்கோல்.

இரண்டாவது செய்தி பல்பீரைப் பற்றியது. நூலகத்து இதழில் நான் படித்தது அவர் வரலாற்றின் ஒரு பக்கம் மட்டுமே. மற்ற பக்கங்களைப் புரட்டியிருந்தால் ஒருவேளை நான் திருந்தியிருப்பேன். 1948ஆம் ஆண்டு லண்டனில் அவருக்கு ஆட வாய்ப்புக் கிடைத்தவை இரண்டே ஆட்டங்கள். அர்ஜென்டினாவுக்கு எதிராக 6, இறுதியாட்டத்தில் பிரிட்டனுக்கு எதிராக 2, ஆக 8 கோல்கள் போட்டார். ஏனைய ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்தார். 1952 பற்றி முன்னரே கண்டோம். 1956ஆம் ஆண்டு மெல்போர்னுக்கு அவர் அணித்தலைவராகச் சென்றார். முதல் ஆட்டத்திலேயே ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 5 கோல்கள். அந்த ஆட்டத்திலேயே வலக்கை விரல் முறிந்தது. அடுத்த ஆட்டங்களில் ரந்தீர் சிங் ஜென்டில் தலைமை ஏற்றார். முறிந்த விரலோடு அரையிறுதிக்குத் திரும்பினார் பல்பீர். பாகிஸ்தானை எதிர்த்த இறுதியாட்டத்தில் இந்தியா 1-0 என்று வென்றது. அந்த ஒரே கோலைப் போட்டவர் பல்பீர் அல்லர். பின்வரிசையில் ஆடிய ஜென்டில், பெனால்டி கார்னர் ஒன்றில் போட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். மெல்போர்னில் இந்தியா போட்டவை 38 கோல்கள். தன் வலையில் ஒன்றும் வாங்கவில்லை. அந்த 38இல் பல்பீருடையவை 5. ஹெல்சிங்கியில் பதின்மூன்றில் ஒன்பது. மெல்போர்னில் முப்பத்தெட்டில் ஐந்து. விகிதம் சுருங்கிற்று; பதக்கம் சுருங்கவில்லை. இரண்டும் தங்கமே. கோல் போட முடியாத நிலையிலும் களத்தில் நின்று, எதிரணித் தடுப்பாட்டக்காரரைத் தம்மீது கண்வைக்கச் செய்து, பிறர் போடும் கோலுக்கு இடங்கொடுக்கத் தெரிந்தவரே கோல் போடத் தகுதியுடையவர். 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணியின் மேலாளர் இதே பல்பீர் சிங்தான். அந்த அரையிறுதியில் தோல்வியின் விளிம்பில் சமன் செய்த கோல் அஸ்லம் ஷேர் கானுடையது. இறுதியாட்டத்தில் வெற்றிக் கோல் தியான் சந்தின் மகன் அசோக் குமாருடையது. ஒரு காலத்தில் தாமே எல்லாவற்றையும் அடித்தவர், அன்று ஆடுகளத்திற்கு வெளியே நின்று பிறர் அடிப்பதைக் கண்டு மகிழ்ந்தார். 2020ஆம் ஆண்டு மே மாதம், 96ஆம் வயதில் அவர் மறைந்த செய்தியைப் படித்தபோது, என் பேதைமைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

இக்காலத்து இளைஞர்கள், 'அவையெல்லாம் பழங்கதைகள். இன்றைய ஆட்டத்தில் ஒருவரே இத்தனை கோல் போட இயலுமா?' என்று கேட்கக்கூடும். இயலும். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணி போட்ட 15 கோல்களில் 10 அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்குடையவை. மூன்றில் இரண்டு பங்கு! அவரோ தடுப்பாட்டக்காரர். அவர் போட்டவற்றுள் பெரும்பாலானவை பெனால்டி கார்னரில் வந்தவை. அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். முன்வரிசையினர் ஓடி உழைத்து அந்த வாய்ப்பைப் பெற்றுத்தர வேண்டும். ஒருவர் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட வேண்டும். வட்டத்தின் விளிம்பில் மற்றொருவர் அதைத் துள்ளாமல் நிறுத்த வேண்டும். அதன் பிறகே மூன்றாமவர் தம் மட்டையால் இழுத்து வீசுகின்றார். தள்ளியவர் கை ஓர் இம்மி பிசகினாலும், நிறுத்தியவர் மட்டை சற்றே சாய்ந்தாலும் அந்தக் கோல் இல்லை. ஆனால் ஆட்டக் குறிப்பில் ஏறுவது மூன்றாமவர் பெயர் மட்டுமே.

அதே பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டு, நாற்பது நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேராகவே ஆடி 1-1 என்று தாக்குப்பிடித்தது இந்திய அணி. பின்னர்ச் சூட்-அவுட்டில் 4-2 என்று வென்றது. அன்று அணியைக் காத்தவர் கோல் காவலர் ஸ்ரீஜேஷ். கோல் அடித்தவர் பட்டியலில் அவர் பெயர் எங்கே? விழாமல் தடுத்த கோலுக்குக் கணக்கெழுத ஏடு இல்லை.

இவ்வாறு சொல்வதனால் மிகுதியாகக் கோல் போடுவோரைத் தன்னலக்காரர் என்று நான் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டா. வட்டத்திற்குள் அடிக்க வேண்டிய பந்தை, பழி வரும் என்று அஞ்சி அடுத்தவனிடம் தள்ளிவிடுவதும் ஒரு குற்றமே. ஹெல்சிங்கி அரையிறுதியில் பல்பீர் அடிக்காமல் இருந்திருந்தால் இந்தியா இறுதிக்கே சென்றிராது. அடிக்க வேண்டியவன் அடிக்கத்தான் வேண்டும். பங்கு பெரிதாயிருப்பது பிழையன்று. பக்கத்தில் கேட்கும் குரல் காதில் விழாதது போல் இருப்பதே பிழை.

எங்கள் வட்டாரத்திற்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 2022ஆம் ஆண்டு மே மாதம் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் 1-1 என்று சமன் செய்தன. இந்தியாவின் அந்த ஒரே கோலைப் போட்டவர், அன்றுதான் முதன்முதலாக இந்திய அணிக்காகக் களமிறங்கிய கார்த்தி செல்வம். அரியலூர் மண்ணின் பிள்ளை. ஒன்றில் ஒன்று! நாங்கள் புளியங்கொம்பால் ஆடிய அதே நிலப்பரப்பிலிருந்து ஒருவர் அங்கே நின்றார் என்று எண்ணியபோது கண் கலங்கியது.

அந்தச் செய்தியைச் சொல்வதற்காகவே என் நண்பனைத் தேடிச் சென்றேன். வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு அவன் ஊர் திரும்பியிருந்தான். தாடி நரைத்துவிட்டது, முழங்கால் தேய்ந்துவிட்டது. இருவரும் மெல்லக் கோட்டையின் கீழ் மதிலருகே சென்று அமர்ந்தோம். கார்த்தியின் கோலைப் பற்றிக் கேட்டு மகிழ்ந்தவன், "அந்தப் பந்தைக் கொடுத்தது யாரு?" என்று வினவினான். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் லெப்ட் இன் ஆடியவன் லெப்ட் இன் ஆடியவனே.

சற்று நேரம் கழித்து அவன் கேட்டான்: "மாப்பிள்ளை, ஒண்ணு கேட்கிறேன், உள்ளதைச் சொல்லு. திருச்சி மேட்ச்சிலே நான் கூப்பிட்டது உன் காதிலே விழுந்துதா, விழலையா?"

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் அஞ்சிக்கொண்டிருந்த வினா அது. ஆசிரியரிடம் சொன்ன பொய்யை இன்னொரு முறை சொல்லிவிடலாம் என்று நா எழுந்தது. எதிரே கோட்டையின் நிழல் அந்தப் பழைய திடலின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. "விழுந்தது மாப்பிள்ளை. நல்லாவே விழுந்தது" என்றேன்.

அவன் சினம் கொள்வான் என்று எதிர்பார்த்தேன். அவனோ பெருமூச்சொன்று விட்டான். "அது போதும். இத்தனை வருசமா என் குரல்தான் எடுபடலையோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான்.

அன்பு மாணவர்களே! நான் ஓர் ஆட்டத்தை மட்டும் தோற்கவில்லை; என் பொய்யினால் ஒரு நல்ல ஆட்டக்காரனுக்குத் தன் குரலின்மீதே ஐயம் உண்டாகுமாறு செய்துவிட்டேன். இதைவிடக் கொடிய தவறு களத்தில் வேறுண்டோ? நாளை உங்கள் பெயரும் மேடையில் ஒலிக்கும். முதல் மதிப்பெண், பரிசு, பதவி எனப் பலவும் உங்களைத் தேடி வரும், வர வேண்டும். அவ்வேளையில் அடக்கத்திற்காகத் தலை குனிய வேண்டுவதில்லை, அடித்தவன் அடித்தவனே. ஆனால் இடப்புறம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே யாரேனும் தனியே நின்றிருக்கக்கூடும்.

ஹெல்சிங்கியின் ஒன்பதைப் பற்றி இன்றும் வகுப்பில் வியந்து பேசுவேன். பேசி முடித்ததும் எஞ்சிய நான்கைப் பற்றியும், அந்தப் பதின்மூன்றுக்கும் பந்து கொடுத்த கைகளைப் பற்றியும் பேசாமல் விடுவதில்லை. சென்ற முறை ஊருக்குச் சென்றிருந்தபோது கோட்டையடியில் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தனர். ஒரு சிறுவன், "டேய், இங்கே! இங்கே!" என்று கூவினான். பந்து வைத்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான், கொடுத்தான். கோல் விழுந்ததா என்று பார்க்க நான் நிற்கவில்லை.